வியன்னாவில் மூன்று நாள்: ஒரே மியூசியம் போதுமா?

2023 அக்டோபர் 14, கேள்வி

நவம்பர் மூன்றாம் வாரம் வேலை விஷயமாக வியன்னா போகிறேன், மூன்று நாள். ஓவியம் எனக்குப் புரியாது, வரலாறு பிடிக்கும். அங்குள்ள பெரிய மியூசியத்தின் பெயரே ‘கலை வரலாற்று மியூசியம்’ என்று பார்த்தேன். கலையும் வரலாறும் ஒரே கூரைக்குள் கிடைக்கிறபோது அது ஒன்றே போதும், மற்றதெல்லாம் டிக்கெட் காசுக்குத் தண்டம் என்பது என் கணக்கு. சரிதானே?

2023 அக்டோபர் 14, இரவு

விடை சரி, போட்ட வழி தவறு. அதன் ஜெர்மன் பெயரில் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் என்றால் கலையின் வரலாறு, நாட்டின் வரலாறு இல்லை. ஆனாலும் ஒன்றே ஒன்று என்றால் அதுதான். இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வருட அட்டை வாங்கி வைத்திருக்கிறேன், மாதம் இரண்டு மூன்று முறை போய்விடுவேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

1891இல் திறந்த கட்டடம். ஆஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பர்க் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சாமான்களுக்காகக் கட்டியது. மாடிப்படியில் கனோவாவின் பளிங்குச் சிலை நிற்கிறது, தீசியஸ் ஒரு குதிரைமனிதனை அடித்து வீழ்த்துகிறான். அதைத் தாண்டி அண்ணாந்து பார்த்தால் தூண்களுக்கு இடையில் கிளிம்ட் வரைந்தவை இருக்கின்றன. தங்கத் தகடு ஒட்டிப் புகழ் பெறுவதற்கு முன்னால், தம்பியையும் ஒரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு காண்டிராக்ட் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் வரைந்தது. கழுத்து வலிக்கும். 2012இல் அவருடைய 150ஆவது பிறந்த ஆண்டுக்கு அந்த உயரத்தில் ஒரு தற்காலிகப் பாலமே போட்டார்களாம். நான் வருவதற்கு ரொம்ப முன்னால்.

அப்புறம் நேராக 16ஆம் நூற்றாண்டு ஓவியர் புரூகலின் அறை. உலகில் அவர் ஓவியம் மிஞ்சியிருப்பது சுமார் 40, அதில் 12 இந்த ஒரே கூடத்தில். நான்கு பருவங்களை வரைந்த வரிசையில் ‘பனியில் வேடர்கள்’ (1565) அங்கேதான் தொங்குகிறது. சோபா உண்டு. உட்காருங்கள். இரண்டு மணி நேரம் அந்த அறையிலேயே இருந்துவிட்டு, அதே மாடியில் கூப்போலாவுக்கு (குவிமாடம்) அடியில் ஒரு காப்பி குடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மற்றதை விடலாம். பெல்வடேர் மாளிகையில் கிளிம்டின் ‘முத்தம்’ பார்க்க நிற்கும் கூட்டத்தில் சேர வேண்டாம். அந்தப் படம் காலண்டர், குடை, தலையணை உறை எல்லாவற்றிலும் பார்த்ததுதான்.

2023 அக்டோபர் 15

முக்கியமானதை விட்டுவிட்டேன். கலை வரலாற்று மியூசியத்துக்குக் கோடை மாதங்கள் தவிரத் திங்கட்கிழமை விடுமுறை. எதிரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கும் இரட்டைக் கட்டடம் இயற்கை வரலாற்று மியூசியம், அதற்குச் செவ்வாய் விடுமுறை. நடுவில் பேரரசி மரியா தெரேசா சிலையாக உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேட்டுப் பயனில்லை, நாள் பார்த்துப் போங்கள். வியாழக்கிழமை கலை வரலாற்று மியூசியம் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். பள்ளிக்கூடக் கும்பல் இல்லாத நேரம் அது.

2023 அக்டோபர் 17

‘இரண்டு மணி நேரம் ஒரே அறையில் என்ன செய்வது?’ என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. முதல் தடவை நானும் பத்து நிமிடத்தில் வெளியே வந்தவள்தான்.

‘குழந்தைகள் விளையாட்டு’ (1560) முன்னால் நில்லுங்கள். ஓர் ஊர்ச் சதுக்கம் முழுக்கப் பிள்ளைகள், எண்பதுக்கு மேல் விளையாட்டுகள். இடது கீழ் மூலையில் இரண்டு பெண்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஆட்டு எலும்புத் துண்டுகளை வைத்து ஆடுவது நம்ம அஞ்சாங்கல். கண்ணைக் கட்டி விட்டிருக்கிறார்கள், பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், வளையம் உருட்டுகிறார்கள், பொய்க்கால் கட்டி நிற்கிறார்கள். நம் ஊரில் இருந்து இந்தப் படத்தில் இல்லாததைத் தேடுவதுதான் கஷ்டம். ஆனால் முகங்களைப் பாருங்கள், ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. ஏதோ ஆபீஸ் வேலை மாதிரி விளையாடுகிறார்கள்.

அடுத்து ‘குடியானவர் கல்யாணம்’. கதவைக் கழற்றி அதையே தட்டாக்கிப் பந்தி பரிமாறுகிறார்கள். பச்சைத் துணிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் கல்யாணப் பெண். மாப்பிள்ளை யார் என்பது இன்று வரை சண்டை. கதவைத் தூக்கும் ஆள் பக்கத்தில் கால்களை எண்ணுங்கள். ஒன்று கூடுதலாக வரும். பந்தியில் தட்டு எடுத்துக் கொடுப்பவரின் கால் அது என்று சொல்பவர்கள் உண்டு. நான் மூன்று முறை எண்ணிவிட்டேன், எனக்கு ஒப்பவில்லை.

இதற்கே முக்கால் மணி ஆகிவிடும்.

2023 அக்டோபர் 18

திருத்தம். ‘நான்கு பருவங்கள்’ என்று முதல் நாள் எழுதியது தவறு. ஆறு படங்கள், படத்துக்கு இரண்டு மாதம் என்று ஒரு வருடத்தைப் பிரித்திருக்கிறார் என்பதுதான் பரவலான கருத்து. மிஞ்சியது ஐந்து. மூன்று வியன்னாவில், ஒன்று பிராகில், ஒன்று நியூயார்க்கில். ஆறாவது எங்கேயோ போய்விட்டது. தெரிந்த மாதிரி எழுதியதற்கு எனக்கு நானே குட்டு வைத்துக்கொண்டேன்.

2023 அக்டோபர் 29

‘அங்கே ஏதோ தங்க உப்புக் கிண்ணம் திருடு போனதாமே’ என்று ஒருவர். ஆமாம், சலியேரா. செல்லினி 1543இல் பிரான்ஸ் மன்னருக்குச் செய்து கொடுத்தது. சாப்பாட்டு மேசையில் உப்பும் மிளகும் வைக்க. தங்கத்தில் கடல் தேவன் ஒரு பக்கம், பூமித் தாய் ஒரு பக்கம், கால் நீட்டி எதிரெதிரே. 26 சென்டிமீட்டர் உயரம். அந்த வீட்டில் உப்பு கேட்டால் என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டே நிற்பேன்.

2003 மே 11 விடிகாலை. கட்டடத்தைப் பழுது பார்க்கச் சாரம் கட்டியிருந்தார்கள். ஓர் ஆள் சாரத்தில் ஏறி, சன்னலை உடைத்து, கண்ணாடிப் பெட்டியை உடைத்து, எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். அலாரம் அடித்தது. வழக்கமான பொய் அலாரம் என்று காவலர்கள் அணைத்துவிட்டார்கள். மதிப்பு 5 கோடி யூரோ என்று அப்போது சொன்னார்கள். எடுத்தவன் தொழில்முறைத் திருடன்கூட இல்லை, அலாரம் மாட்டிக் கொடுக்கும் வேலை செய்தவன். பணம் கேட்டு மிரட்டப் போய், போன் வாங்கிய கடையின் கேமராவில் விழுந்து, மாட்டிக்கொண்டான். 2006 ஜனவரியில் காட்டில் புதைத்த ஈயப் பெட்டிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள். 2013இல் குன்ஸ்ட்காமர் என்ற அரும்பொருள் கூடங்களைப் புதுப்பித்துத் திறந்தபோது அது மறுபடியும் நடுநாயகம்.

ஆக, புரூகல் அறை முடிந்ததும் கீழ்த்தளத்தில் அரை மணி ஒதுக்குங்கள். ‘மற்றதை விடலாம்’ என்று சொன்னதில் முதல் ஓட்டை.

2023 நவம்பர் 24

கேள்வி கேட்டவர் திரும்பி வந்துவிட்டார். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கிடைத்த ஒரே அரை நாள் திங்கட்கிழமை. விடுமுறை என்று நான் எழுதியதை மறந்துவிட்டார். இரட்டைக் கட்டடங்களில் எது திறந்திருந்ததோ அதற்குள் நுழைந்துவிட்டார். டைனோசர் எலும்புக்கூடு, விண்கற்கள் எல்லாம் தாண்டி ஒரு மணி நேரம் புரூகலைத் தேடியிருக்கிறார். காவலரிடம் ‘வேடர்கள் எங்கே?’ என்று கேட்டதற்கு அவர் கற்கால அறையைக் காட்டினாராம்!

அங்கே வில்லென்டார்ஃப் வீனஸைப் பார்த்திருக்கிறார், 11 சென்டிமீட்டர் சுண்ணாம்புக்கல் பொம்மை. 1908இல் டான்யூப் கரையில் ரயில் பாதை வேலையின்போது தோண்டியதில் கிடைத்தது, வயது ஏறக்குறைய 29,500 வருடம். தனி இருட்டறை, ஒரு விளக்கு. ‘என் ஆயாவின் பித்தளைக் குங்குமச் சிமிழைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஆனால் காலை எடுக்க முடியவில்லை’ என்று எழுதியிருக்கிறார். கிளம்புவதற்கு முன் எப்படியோ ஒரு மணி நேரம் புரூகலையும் பார்த்தார். கடைசி வரிதான் எனக்கு உறுத்துகிறது: ‘எல்லாம் நன்று. ஆனால் வரலாறு எங்கே?’

2023 நவம்பர் 26

உறுத்தியதால் இன்று போனேன். படை வரலாற்று மியூசியம், ஆர்சனல் வளாகத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம். இத்தனை நாள் தட்டிக் கழித்த இடம், துப்பாக்கியும் சீருடையும் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று.

சரயேவோ அறை. 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் மனைவி சோஃபியும் சுட்டுக் கொல்லப்பட்டபோது உட்கார்ந்திருந்த கார் அப்படியே நிற்கிறது. கிராஃப் உண்ட் ஷ்டிஃப்ட் கம்பெனி, திறந்த மேற்கூரை. எதிரே கண்ணாடிக்குள் அவருடைய நீல மேலங்கி. மருத்துவர்கள் அவசரத்தில் கிழித்த கிழிசல், ரத்தக் கறை. அவரைக் கிடத்திய சாய்வு சோபாவும் உண்டு. பாடப்புத்தகத்தில் முதல் உலகப் போரின் ‘உடனடிக் காரணம்’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியது இந்தத் துணிதானா என்று நின்றேன். பக்கத்தில் ஒரு சிறுவன் அப்பாவிடம் காரின் வேகம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தான். அதுவும் நல்ல கேள்விதான். வழி தவறித் திரும்ப நின்றபோதுதான் சுட்டார்கள்.

கார் நம்பர் ஏ 3 ரோமன் எண்ணில், பிறகு 118. ‘ஏ’யை ஆர்மிஸ்டிஸ் (ஆங்கிலத்தில் போர்நிறுத்தம்) என்றும் ரோமன் மூன்றை மூன்று ஒன்றுகளாகவும் சேர்த்துப் படித்தால் 11-11-18 வருகிறது, முதல் உலகப் போர் முடிந்த தேதி என்று இணையத்தில் சுற்றுகிறது. இங்கே அதைப் போட வருபவர்களுக்கு முன்கூட்டியே: ஆஸ்திரியாவின் போர்நிறுத்தம் அதற்கு ஒரு வாரம் முந்தியே, நவம்பர் 3ஆம் தேதி கையெழுத்தாகிவிட்டது. போர்நிறுத்தத்துக்கு ஜெர்மன் சொல் ‘ஏ’யில் தொடங்குவதும் இல்லை. எண் சோதிடத்துக்கு மொழி வேறு தெரிய வேண்டும் போலிருக்கிறது.

2023 டிசம்பர் 10

காசு தண்டம் என்று பயப்படுபவர்களுக்கு: கார்ல்ஸ்பிளாட்ஸில் வியன்னா நகர மியூசியம் இந்த வாரம் (டிசம்பர் 6) புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். நிரந்தரக் காட்சி இலவசம். பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் விளம்பரமாக நின்ற பெரிய செம்புத் திமிங்கலத்தைக் கூடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கூட்டம் தாங்கவில்லை. ஜனவரியில் மறுபடி போவேன், அப்பா வருகிறார்.

2024 ஜனவரி 9

அப்பா வந்துவிட்டார். குரங்குக் குல்லாவோடு. இந்த இழையின் திசை இனி மாறும், முன்கூட்டியே மன்னிப்பு.

அவர் முப்பது வருடம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தர். ஓவியத்தில் துளிகூட நாட்டம் கிடையாது. புரூகல் அறைக்குக் கூட்டிப்போனேன். ‘பனியில் வேடர்கள்’ முன்னால் இரண்டு நிமிடம் நின்றார். மெலிந்த நாய்கள், மூன்று பேர் போய் ஒரே ஒரு நரி, ஒற்றைக் கொக்கியில் தொங்கும் சத்திரப் பலகை, கீழே உறைந்த குளத்தில் சறுக்கும் ஜனம். எல்லாம் நான் காட்டினேன். கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: “இதெல்லாம் யாரோடது? இவங்க கைக்கு எப்படி வந்தது? தாய்ப்பத்திரம் இருக்கா?”

சிரித்தேன். வீட்டுக்கு வந்து தேடினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த மாதங்கள் வரிசையை ஆண்ட்வெர்ப் நகரத்துப் பணக்கார வியாபாரி நிக்லாஸ் யோங்கெலிங்க் தன் வீட்டுக்காக வரையச் சொன்னார். மறு வருடமே, 1566இல், ஒரு நண்பரின் 16,000 கில்டர் கடனுக்கு ஜாமீனாக, புரூகலின் 16 ஓவியங்கள் உட்படத் தன் சேகரிப்பை ஈடு வைத்தார். 1594இல் அதே ஆண்ட்வெர்ப் நகரம் மாதங்கள் வரிசையை, ஆட்சி செய்ய வந்த ஹப்ஸ்பர்க் இளவரசர் எர்ன்ஸ்டுக்குப் பரிசாகக் கொடுக்கிறது. நடுவில் என்ன நடந்திருக்கும் என்பதை அப்பா தானே நிரப்பிக்கொண்டார். “நண்பனுக்கு ஜாமீன் போட்டா வேற என்ன ஆகும்?”

இத்தனை மாதம் அந்த சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளும் இது எனக்குத் தோன்றவில்லை. பனியைப் பார்த்தேன், பறவையைப் பார்த்தேன்.

2024 ஜனவரி 13

மறுபடி போனோம். இப்போது அவரே வழி நடத்துகிறார். படத்தைப் பார்ப்பதில்லை, நேராக விவரப் பலகையின் கடைசி வரிக்குப் போய்விடுகிறார். சலியேரா முன்னால்: “இது?” 1570இல் பிரான்ஸின் ஒன்பதாம் சார்லஸ், தன் கல்யாணத்தில் தனக்குப் பதிலாக மாப்பிள்ளை இடத்தில் நின்ற டிரோல் இளவரசர் ஃபெர்டினாண்டுக்குக் கொடுத்தது என்றேன். “தான செட்டில்மென்ட். பிரச்சனை இல்லை.” அடுத்தது.

பக்கக் கூடங்களில் இலங்கையின் கோட்டே அரசில் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கிய தந்த வேலைப்பாடுகள் இருக்கின்றன. போர்ச்சுகல் வழியாக ஐரோப்பிய அரண்மனைகளுக்கு வந்த சரக்கு. போர்ச்சுகல் ராணி கேத்தரீன் ஹப்ஸ்பர்க் பெண், இலங்கைத் தந்தத்தில் அவருக்கு அலாதி ஆசை. அவற்றின் முன்னால்தான் அப்பா அதிக நேரம் நின்றார். எதுவும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு சிறு பக்க அறையில் வெர்மீரின் ‘ஓவியக் கலை’. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓவியர் உட்கார்ந்திருக்கிறார். சன்னல் பக்கம் நீல உடுப்பில் எக்காளம் பிடித்த பெண், சுவரில் மடிப்பு விழுந்த பெரிய வரைபடம். இதற்குத்தான் அப்பா பாஷையில் ‘வில்லங்கம்’ முழு நீளத்துக்கு இருக்கிறது. 1675இல் வெர்மீர் கடனோடு இறந்தார். கடன்காரர்கள் கைக்குப் போகக் கூடாது என்று மனைவி இந்தப் படத்தைத் தன் தாய் பெயருக்கு மாற்றி எழுதினார், நிற்கவில்லை. 1813இல் செர்னின் பிரபு குடும்பம் வியன்னாவில் 50 கில்டருக்கு வாங்கியது, அதுவும் வேறு ஓர் ஓவியருடையது என்று நினைத்து. வெர்மீர் என்று தெரிந்ததே 1860இல்தான். 1940இல் செர்னின் வாரிசு அதை ஹிட்லருக்கு 16.5 லட்சம் ரைக்ஸ்மார்க்குக்கு விற்றார். போர்க்காலத்தில் ஆல்டாவுசே உப்புச் சுரங்கத்தில் பதுக்கியிருந்ததை அமெரிக்கப் படை எடுத்து வியன்னாவிடம் ஒப்படைத்தது. வாரிசுகள் 2009இல் திரும்பக் கேட்டார்கள்: குடும்பத்தில் மனைவி யூதப் பின்னணி கொண்டவர், நெருக்கடியில்தான் விற்றோம் என்று. 2011இல் அரசின் ஆலோசனைக் குழு, அது விருப்ப விற்பனைதான் என்று சொல்லிவிட்டது.

அப்பா இதற்கு மட்டும் ஓவியத்தை நிமிர்ந்து பார்த்தார், ரொம்ப நேரம். “கிரயம் வாங்கினவன் யாருன்னு பாத்தியா? அவன்கிட்ட ‘விக்க மாட்டேன்’னு சொல்ல முடியுமா?” பிறகு அவரே, “சொல்ல முடிஞ்சவங்களும் இருந்திருக்கலாம்” என்றார். தீர்ப்பு சரியா தவறா என்று அன்று இரவு வரை இரண்டு பக்கமும் அவரே வாதாடிக்கொண்டிருந்தார்.

2024 ஜனவரி 14

சிலர் கேட்டதற்கு: ஆமாம், அப்பா ஒரு மியூசியத்தில் அலாரம் அடிக்க வைத்தார், ஆனால் அது கலை வரலாற்று மியூசியத்தில் இல்லை. எங்கே என்று சொல்ல மாட்டேன். சுருட்டிய வரைபடத்தால் அப்பா ஒரு படத்தின் மூலையைச் சுட்டிக் காட்டினார், பீப் என்றது, காவலர் அம்மா ஓடி வந்து முறைத்தார். இவர் நிதானமாகத் தமிழில், “தொடலம்மா, அளந்தேன்” என்றார். அவருக்குப் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார்.

2024 ஜனவரி 20

பெல்வடேர். அக்டோபரில் ‘வேண்டாம்’ என்று எழுதியதை இன்று வாபஸ் வாங்குகிறேன்.

முதலில் ‘முத்தம்’. 180க்கு 180 சென்டிமீட்டர் சதுரம். 1908இல் வண்ணம் முழுக்கக் காய்வதற்குள்ளேயே அரசு 25,000 குரோனுக்கு வாங்கியது. காலண்டரில் தங்கம் ஒரே மஞ்சள். நேரில் இரண்டடி நகர்ந்தால் தங்கமும் நகர்கிறது, ஒரு பக்கம் அணைந்து இன்னொரு பக்கம் எரிகிறது. தலையணை உறையை வைத்துத் தீர்ப்பு சொன்னது என் திமிர். அப்பா சொன்னது: “அரசு நேரடிக் கொள்முதல். சுத்தம்.”

ஆனால் அந்தக் கூடத்தில் இல்லாத படம்தான் அவருக்கு விருந்து. அடேலே புளோக்-பவரின் தங்க உருவப்படம், 1907. அடேலே 1925இல் இறந்தார். கிளிம்ட் ஓவியங்களைத் தன் கணவர் அவர் காலத்துக்குப் பின் அரசுக் காட்சிக்கூடத்துக்குக் கொடுக்கும்படி உயிலில் கேட்டுக்கொண்டிருந்தார். 1938இல் நாஜிகள் வந்தார்கள், கணவர் தப்பி ஓடினார், சொத்து முழுக்கப் பறிமுதல். 1945இல் அவர் இறக்கும்போது எல்லாவற்றையும் அண்ணன் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தார். காட்சிக்கூடமோ ‘அடேலேயின் உயிலே சாட்சி’ என்று படங்களை வைத்துக்கொண்டது. மருமகள் முறையான மரியா ஆல்ட்மன் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2004இல் வழக்குத் தொடரும் உரிமை பெற்றார். 2006 ஜனவரியில் ஆஸ்திரிய நடுவர் குழு ஐந்து ஓவியங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. காரணம், அடேலே எழுதியது வேண்டுகோள்தான், உரிமை மாற்றம் இல்லை. படங்கள் கணவர் சொத்து.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா நடு ஹாலில் கைதட்டிவிட்டார். “‘கேட்டுக்கொள்கிறேன்’னு எழுதினா அது பத்திரம் இல்லை, கடுதாசின்னு எத்தனை பேர்கிட்ட தலையால அடிச்சிக்கிட்டேன்!” முப்பது வருடம் அவர் சொன்னதை வியன்னாவில் நடுவர் குழுவே ஒப்புக்கொண்டதில் அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. படம் இப்போது நியூயார்க்கில்.

போகிற வழியில் மெஸ்ஸர்ஷ்மிட்டின் தலைகள், 18ஆம் நூற்றாண்டில் செய்த முகச் சுளிப்புச் சிலைகள். “பதிவு நாள்ல சொத்துக்காரங்க மூஞ்சி” என்றார். நகர்ந்துவிட்டோம்.

2024 ஜனவரி 21

மேலே ‘மருமகள் முறை’ என்று எழுதியதைப் பார்த்து அப்பா திட்டுகிறார். அடேலேயின் அக்காவும் கணவரின் அண்ணனும் கல்யாணம் செய்துகொண்டவர்கள், மரியா அவர்களுடைய மகள். ஆக கணவருக்கு அண்ணன் மகள், அடேலேக்கு அக்கா மகள், இரண்டு பக்கமும் ரத்த சம்பந்தம். தமிழில் இதற்குச் சரியான சொல் ‘மகள் முறை’தானாம். வாரிசுச் சான்றிதழில் இந்தத் தப்புச் செய்தால் மனு தள்ளுபடி என்கிறார்.

2024 பிப்ரவரி 4

லியோபோல்ட் மியூசியம், அரண்மனைக் குதிரை லாயமாக இருந்த வளாகத்தில். கண் மருத்துவர் ஒருவரின் தனிச் சேகரிப்பு, ஷீலே என்ற ஓவியரின் படங்கள் ஏராளம். போனது ஒரே படத்துக்கு: ‘வாலி’ என்ற பெண்ணின் உருவப்படம், 1912. சின்னப் படம், செம்பட்டை முடி, சாய்ந்த தலை, ரொம்ப நீலமான கண்.

லேயா பொன்டி என்ற யூதப் பெண் கலை வியாபாரியின் வீட்டுச் சுவரிலிருந்து நாஜி ஆதரவு வியாபாரி ஒருவர் இதை எடுத்துக்கொண்டார். போருக்குப் பின் வேறு ஒருவரின் படங்களோடு கலந்து பெல்வடேருக்குப் போய், 1954இல் பரிமாற்றத்தில் அந்த மருத்துவர் கைக்கு வந்தது. 1998இல் நியூயார்க்கில் கண்காட்சிக்குப் போன இடத்தில் அதிகாரிகள் பிடித்து வைத்தார்கள். ஆஸ்திரியாவில் திருப்பிக் கொடுக்கும் சட்டம் வந்ததும் அதே வருடம்தான், இந்தப் பரபரப்பின் தொடர்ச்சியாக. பன்னிரண்டு வருட வழக்கு. 2010இல் வாரிசுகளுக்கு 1.9 கோடி டாலர் கொடுத்துச் சமரசம், படம் திரும்ப வந்தது. ஒரு நிபந்தனை: படம் எங்கே மாட்டினாலும் இந்தக் கதை பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

எழுதியிருக்கிறது. அப்பா முழுசாக என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். “இதான் வில்லங்கச் சான்று. எல்லாப் படத்துக்கும் இப்படி மாட்டலாமே.”

2024 பிப்ரவரி 11

இரண்டு இடம், சுருக்கமாக.

அரண்மனைக் கருவூலம்: மகுடங்களைவிட அப்பாவுக்குப் பிடித்தவை ஒரே கல்லில் குடைந்த அகேட் பாத்திரமும் ‘ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பும்’. பிந்தையது நார்வால் திமிங்கலத்தின் தந்தம்தான். 1564இல் ஹப்ஸ்பர்க் சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போது இவை இரண்டையும் பிரிக்கவோ விற்கவோ கூடாது என்று எழுதி வைத்தார்கள். குலதெய்வக் கோயில் நகை மாதிரி.

வெல்ட்மியூசியம்: மெக்சிகோவின் கெட்சல் பறவை இறகு மகுடம். அங்கே ஆண்ட ஆஸ்டெக் மன்னர் மொக்டெசுமாவுடையது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. 1596இல் டிரோல் ஃபெர்டினாண்டின் சாமான் பட்டியலில் பதிவாகியிருக்கிறது. அதே உப்புக் கிண்ணக்காரர். மெக்சிகோ பலமுறை கேட்டுவிட்டது. பயண அதிர்வில் இறகுகள் உதிர்ந்துவிடும் என்கிறது வியன்னா. அப்பாவின் குறிப்பு: “சாமான் பட்டியல் கிரயப் பத்திரம் ஆகாது.” பச்சை இருட்டில் மினுங்குகிறது அது. தூசி அசையாத கண்ணாடி. அப்பா சொன்னது சரி என்றும், நகர்த்தினால் உடையும் என்பதும் உண்மையாக இருக்கலாம் என்றும் தோன்றியது. எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமலே வெளியே வந்தேன்.

2024 பிப்ரவரி 18

‘இழை சாமான்களைவிட்டு எங்கோ போகிறதே’ என்றவருக்காக இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறேன். 71ஆம் நம்பர் டிராம் ஊருக்கு வெளியே மத்திய கல்லறைக்குப் போகிறது. அங்கே ஈமச்சடங்கு மியூசியம் இருக்கிறது. 1784இல் இரண்டாம் யோசஃப் பேரரசர் மரத்தை மிச்சப்படுத்த, அடிப்பலகை திறந்து உடலைக் குழிக்குள் இறக்கிவிட்டுத் திரும்பப் பயன்படுத்தும் சவப்பெட்டி கொண்டுவந்தார். ஜனம் கொந்தளித்து மறு வருடமே கைவிட வேண்டியதாயிற்று. உயிரோடு புதைத்துவிட்டால் இழுக்க மணிக்கயிறு வைத்த ஏற்பாடும் உண்டு. வியன்னாக்காரர்கள் யாராவது இறந்தால் ‘71ஐப் பிடித்துவிட்டார்’ என்பார்கள். நாம் ‘டிக்கெட் வாங்கிட்டார்’ என்பதில்லையா? அவர்கள் டிராம் நம்பரையும் சேர்த்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

2024 மார்ச் 3

அப்பா ஊர் திரும்பிவிட்டார். ‘ஏப்ரலில் வருகிறேன், மூன்று நாளுக்கு இறுதிப் பட்டியல் கொடுங்கள்’ என்று புதிதாக ஒருவர். முதல் நாள் புரூகல், வெர்மீர், சலியேரா. வியாழன் என்றால் மாலையில் போங்கள். மறுநாள் காலை பெல்வடேர், மதியம் ஆர்சனலில் அந்தக் காரும் சீருடையும், இரண்டும் நடந்தே போகும் தூரம்தான். மூன்றாம் நாள் லியோபோல்டில் வாலி, மிச்சம் இருந்தால் இயற்கை வரலாற்று மியூசியம். ‘ஒன்றே போதும்’ என்ற என் அக்டோபர் குறிப்பை அழிக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். ஆல்பர்டினா மியூசியத்தில் டியூரரின் முயல் ஓவியம் (1502) பார்க்க ஆசைப்பட்டால் முன்பே விசாரித்துவிடுங்கள். வெளிச்சம் பட்டால் கெடும் என்று அசலை அபூர்வமாகத்தான் வெளியே எடுப்பார்கள், மற்ற நேரம் நகல்தான்.

2024 மார்ச் 17

கல்யாணப் படத்தின் கூடுதல் காலைப் பற்றி மறுபடி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நேற்று போனில் அப்பாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “சாட்சிக் கையெழுத்தும்மா அது. ஆள் வந்திருக்க மாட்டான், கால் மட்டும் வந்திருக்கும்.”